நாட்டுத் துப்பாக்கியால் ஒரு சாவு: தடயம் திரட்டுதலும் எழுதி வைத்தலும்

கெங்கவல்லி வட்டத்தில் பச்சமலை அடிவாரத்தை ஒட்டிய காடுகளில் மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் விளைகிற மாதங்களில் ராத்திரிக் காவல் உண்டு. காட்டுப்பன்றி ஒரே இரவில் அரை ஏக்கரை அழித்துவிட்டுப் போகும். காவலுக்கு டார்ச்சும் தகர டப்பாவும் போதும் என்று இருப்பவர்கள்தான் அதிகம். சிலரிடம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் இருக்கும். அதனால் ஒருவர் செத்தால், பொழுது விடிவதற்குள் ஊரில் ஒரு வாக்கியம் தயாராகிவிடும்: “பன்னின்னு நெனச்சு சுட்டுட்டான்.”

அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம், வரப்புத் தகராற்றை மூடிய போர்வையாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிப்பது சம்பவ இடத்தில் முதல் சில மணி நேரத்தில் எடுக்கப்படும் பொருள்களும், அவற்றைப் பற்றி எழுதப்படும் வரிகளும்தான். புதிதாகப் பொறுப்பேற்ற உதவி ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், அரசு மருத்துவர், சட்ட உதவித் தன்னார்வலர் ஆகியோருக்காக இந்த அத்தியாயம்.

நாட்டுத் துப்பாக்கி ஏன் தனிப் பாடம்

ரைஃபிள், பிஸ்டல் குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் உண்டு. வெளியேறும் தோட்டாவில் அந்த வரிகள் பதியும். தோட்டாவின் வெற்று உறையில் சுத்தியல் ஊசியின் தடமும் இருக்கும். இவற்றை ஒப்பு நுண்ணோக்கியில் வைத்து, இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று நிபுணர் சொல்லிவிடுவார்.

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியில் இந்த இரண்டும் கிடையாது. குழல் வழவழப்பான இரும்புக் குழாய். கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரோ பழந்துணியோ காகிதமோ வைத்துக் கம்பியால் இடித்து, ஈய ரவையையோ சைக்கிள் பால்ரஸையோ போட்டு, மறுபடி அடைப்பு வைப்பார்கள். வெற்று உறை விழாது. உடலில் கிடைக்கும் பால்ரஸ் எந்தக் குழலிலிருந்து வந்தது என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

எனவே இங்கே வழக்கைத் தாங்குபவை இரண்டு: குழலிலிருந்து பறந்த அடைப்பு, சுட்ட தூரம். அடைப்பு சுட்டவரிடம் கொண்டுபோகும். தூரம் அவருடைய மனநிலையைக் காட்டும். இரண்டுமே சுலபமாகத் தொலைந்துபோகக் கூடியவை. அடைப்பு குப்பை மாதிரி தெரிவதால் யாரும் எடுப்பதில்லை. தூரத்தைக் காட்டும் கரிப்படிவு சட்டையில் இருக்கும். அந்தச் சட்டை மருத்துவமனை வாளிக்குள் போய்விடும்.

அடைப்பின் மதிப்பு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1784இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் எட்வர்ட் கல்ஷா என்பவரின் தலைக் காயத்திலிருந்து கசங்கிய காகித அடைப்பு ஒன்றை எடுத்தார்கள். அது தெருப்பாட்டு அச்சிட்ட தாளின் கிழிசல். ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப் பையில் இருந்த தாளின் கிழிந்த ஓரத்தோடு அது பொருந்தியது. அவர் தண்டிக்கப்பட்டார். நுண்ணோக்கியும் ஆய்வகமும் இல்லாத காலத்தில், காயத்துக்குள் இருந்த காகிதத்தை எறியாமல் பிரித்துப் பார்த்த ஒருவரால் அந்த வழக்கு நின்றது.

முதல் மணி நேரம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் ஆளுயர மக்காச்சோளக் காடு. இரவு பதினொரு மணிக்குச் சுடப்பட்டவர் கிடக்கிறார். தகவல் விடியற்காலை வருகிறது.

உயிர் இருந்தால் முதலில் உயிர்தான். 108 வரட்டும். ஆனால் ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் செவிலியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: துணியை வெட்டும்போது ஓட்டையின் குறுக்கே வெட்ட வேண்டாம், வெட்டிய துணியை எறிய வேண்டாம். காயம்பட்டவர் பேசக்கூடிய நிலையில் இருந்தால் மருத்துவர் அதைச் சான்றளிக்க, நீதித்துறை நடுவர் மரண வாக்குமூலம் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 26ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு.

இறந்திருந்தால் உடலை நகர்த்த அவசரம் இல்லை. செய்ய வேண்டியவை வரிசையாக:

1. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பாதையைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். அதில் நடந்தவர்கள் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். நீங்கள் வருவதற்கு முன் உடலைத் தொட்டவர், சட்டையைத் திருத்தியவர், தண்ணீர் ஊற்றியவர் யார் என்று அப்போதே கேட்டு எழுதுங்கள். பாசத்தில் செய்ததைக் குற்றமாகப் பேசாதீர்கள், பேசினால் மறைத்துவிடுவார்கள்.

2. எதையும் தொடுமுன் படம் எடுங்கள். தூரப் படம், நடுப் படம், அளவுகோல் வைத்த கிட்டப் படம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று. அளவுகோல் இல்லாமல் ஒன்றும் சேர்த்து எடுங்கள்.

3. இறந்தவரின் இரண்டு கைகளையும் காகித உறையால் மூடி மணிக்கட்டில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. உள்ளே வியர்த்து படிவு கெட்டுவிடும்.

4. சோளத் தாள்களைப் பாருங்கள். ரவை துளைத்த தாள் வெயில் ஏறினால் சுருண்டுவிடும். ஒவ்வொரு துளையும் தரையிலிருந்து என்ன உயரம் என்று அளந்து எழுதுங்கள். இரண்டு மூன்று துளைகளையும் உடலில் உள்ள காயத்தையும் இணைத்து ஒரு நூல் பிடித்தால், குண்டு வந்த திசை தெரியும். படம் எடுத்த பிறகு அந்தத் தாள்களை வெட்டி, காகிதங்களுக்கு நடுவே தட்டையாக வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

5. அந்தத் திசையில் உடலிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். அடைப்பு லேசானது, ரவை போகும் தூரம் போகாமல் வழியிலேயே விழும். சுட்டவர் நின்ற இடம் கிடைத்தால் அங்கே சிந்திய கரிமருந்து, கேப்பு, பீடித்துண்டு, காலடி ஆகியவற்றைத் தேடுங்கள். மருந்து கெட்டிக்கும்போது துப்பாக்கியின் கட்டையை மண்ணில் ஊன்றுவார்கள். அந்தத் தடமும் பதிந்திருக்கலாம்.

6. ராத்திரி எவ்வளவு தெரிந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். பிறை நாள், மேகம், அருகில் தெருவிளக்கு உண்டா, நெற்றி லைட் கிடைத்ததா. “பன்றி என்று நினைத்தேன்” என்ற வாதத்தை ஏற்கவும் மறுக்கவும் இந்த விவரங்கள் வேண்டும்.

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3). தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105ஆம் பிரிவு. நிபுணர் வரும்வரை மழைக்குத் தார்ப்பாய், நாய்க்கு ஒரு ஆள்: இந்த இரண்டும் உங்கள் பொறுப்பு.

மகஜர் எழுதுவது எப்படி

பல பார்வை மகஜர்கள் இப்படி இருக்கும்:

“சம்பவ இடம் மக்காச்சோளக் காடு. அங்கே ரத்தக் கறையும் சில துணி, காகிதத் துண்டுகளும் ரவைகளும் காணப்பட்டன. அவற்றைச் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றினேன்.”

இதை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு கழித்துக் கூண்டில் நிற்பவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. அதே பொருளை இப்படி எழுதிப் பாருங்கள்:

“பொருள் 4: பிரேதத்தின் வலது பாதத்திலிருந்து கிழக்கே 2 மீ. 40 செ.மீ.; கிணற்று மேட்டின் வடமேற்கு மூலையிலிருந்து 14 மீ. 10 செ.மீ. தரையில் ஓரம் கருகிய காகிதச் சுருள் ஒன்று. நீளம் 4 செ.மீ. கோடு போட்ட நோட்டுத் தாள் போல் உள்ளது. வெளியே தெரியும் பக்கத்தில் நீல மையில் எழுத்து. சுருளைப் பிரிக்கவில்லை. படம் 23, 24, 25. எடுத்த நேரம் காலை 6.50. காகித உறையில் இட்டு, சாட்சிகள் இருவர் கையொப்பம் பெற்று, அரக்கு முத்திரை வைக்கப்பட்டது.”

இரண்டு புள்ளிகளிலிருந்து அளந்து, அவற்றில் ஒன்று நிலையான கிணற்று மேடாக இருப்பதால், காடு அறுவடையான பிறகும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பிரிக்காமல் விட்டதால் ஆய்வகம் அதைப் பிரிக்கும். நோட்டுத் தாள் என்று குறித்ததால், வீட்டைச் சோதனையிடும்போது கிழிந்த நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். தேங்காய் நாரோ துணியோ ஆனாலும் இதே முறைதான். சட்டைத் துணியின் நெசவு, சாயம், கிழிந்த ஓரம் எல்லாம் ஒப்பிடக் கூடியவை.

மகஜரை ஸ்டேஷனுக்கு வந்து எழுதாதீர்கள். எழுதிய இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் அதிலேயே இருக்கட்டும். சாட்சியாகக் கையெழுத்திடும் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். குறுக்கு விசாரணையில் நிற்கப் போவது அவர்கள்தான்.

துப்பாக்கி கிடைத்தால்

மருந்து ஏற்றிய நிலையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழல் வாய்க்கு நேராக நிற்காதீர்கள், குச்சி விட்டுப் பார்க்காதீர்கள். குச்சி விட்டால் ஆபத்து என்பது ஒரு பக்கம்; கிட்டத்தில் சுட்டிருந்தால் குழல் வாயில் ரத்தமும் திசுவும் ஒட்டியிருக்கும், அது போய்விடும். “வேலை செய்கிறதா” என்று சுட்டுப் பார்ப்பது அறவே கூடாது. சோதனைச் சுடுதல் ஆய்வகத்தின் வேலை.

குழல் நீளம், உள்விட்டம், மொத்த நீளம், கட்டையின் மரம், வெல்டிங் ஒட்டு, இடிகம்பியின் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். கரிமருந்து, ரவை, அடைப்புப் பொருள் வீட்டில் கிடைத்தால் ஒவ்வொன்றும் தனி உறையில் போகட்டும். துப்பாக்கியையும் ரவையையும் ஒரே சாக்கில் கட்டி அனுப்பிய நிமிடமே, ரவையில் இருந்த கரி துப்பாக்கியிலிருந்து ஒட்டியது என்ற வாதத்துக்கு நீங்களே வழிவிட்டுவிடுகிறீர்கள்.

ஆயுதச் சட்டம் 1959இன் 3ஆம் பிரிவை மீறிய குற்றத்துக்கு வழக்குத் தொடர, 39ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். துப்பாக்கி கைப்பற்றிய வாரமே அந்தக் கோப்பைத் தொடங்குங்கள். விசாரணை முடியும் நேரத்தில் அனுமதி ஆணை இல்லை என்று தெரிந்தால், அந்தக் குற்றச்சாட்டு மட்டும் தனியாக விழும்.

உடல் சொல்வது

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் பிரேத விசாரணை, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் குறைந்தது இருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும். உடல் ஆத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்கோ போகும். கொலை என்று சந்தேகம் இருந்தால் ராத்திரியில் அறுக்கக் கேட்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் அனுமதித்த மத்திய சுகாதார அமைச்சகம், கொலை, தற்கொலை, சந்தேகச் சாவு ஆகியவற்றுக்கு விலக்கு வைத்தது. சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

- அறுக்கும் முன் எக்ஸ்ரே. உடலில் எத்தனை ரவை, எங்கே என்று முன்கூட்டித் தெரிந்தால் ஒன்றும் விடுபடாது.
- துணியோடு ஒரு படம், துணி நீக்கி ஒரு படம், கழுவிய பின் ஒரு படம்.
- ஒவ்வொரு காயமும் குதிகாலிலிருந்து என்ன உயரம், உடலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற அளவு. காட்டில் சோளத் தாளில் அளந்த உயரம் இதோடு சேர்ந்தால்தான் திசை உறுதிப்படும்.
- காயத்துக்குள் அடைப்பு இருந்ததா. இருந்தால் தனிப் புட்டியில்.
- ரவையைப் பல் வைத்த இடுக்கியால் பிடிக்க வேண்டாம். எண்ணி, எடைபோட்டு, சீல் வைத்துத் தர வேண்டும்.

துணி ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஓட்டை மடிப்பில் வராமல் காகிதம் வைத்துச் சுற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து ஒன்றுக்கும் உதவாது.

தூரம்: வழக்கின் மையம்

துப்பாக்கியை உடலோடு ஒட்டியோ சில அங்குலத்திலோ சுட்டால் காயத்தைச் சுற்றிக் கருகலும் புகைக்கரியும் இருக்கும். இன்னும் சற்றுத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் தோலில் புள்ளிபுள்ளியாகக் குத்தியிருக்கும். அதற்கு அப்பால் ஒரே ஓட்டையின் விளிம்பு கடித்தாற்போல் ஆகி, பிறகு ரவைகள் பிரிந்து தனித்தனி ஓட்டைகளாகும்.

கார்ட்ரிட்ஜ் துப்பாக்கிக்கு, ஒரு கஜ தூரத்துக்கு ஓர் அங்குலப் பரவல் என்ற தோராயக் கணக்கைப் பாடநூல்கள் தரும். நாட்டுத் துப்பாக்கிக்கு அதை அப்படியே போடாதீர்கள். மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். கரிமருந்து புகையையும் கரியையும் அதிகமாகத் துப்பும். அதே துப்பாக்கியில், கைப்பற்றிய அதே மருந்தும் ரவையும் கொண்டு, பல தூரங்களில் ஆய்வகம் சுட்டுப் பார்த்துச் சொல்வதுதான் நிற்கும். மருந்தும் ரவையும் தனித்தனியாகப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

முப்பதடி தள்ளிப் பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்பவரின் வாக்குமூலமும், இறந்தவர் சட்டையில் கரிப்படிவும் ஒன்றாக நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவா, 105ஆ, 103ஆ என்ற கேள்விக்கு அந்தச் சட்டை பாதிப் பதில். கரி இல்லை, ரவை பரவியிருக்கிறது என்றால் அதே சட்டை சுட்டவரைக் கொலைப் பழியிலிருந்து காப்பாற்றவும் செய்யும். தடயம் திரட்டுவது இருவருக்காகவும்தான்.

சுட்டவர் கை, ஆய்வகக் கடிதம்

சந்தேகத்துக்குரியவரின் கையிலிருந்து படிவு எடுப்பது ஆறு மணி நேரத்துக்குள் என்றால் பயன். கை கழுவினால், விவசாய வேலை செய்தால் போய்விடும். ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் “துப்பாக்கிப் படிவு உண்டா” என்று மட்டும் கேட்காதீர்கள். நவீனத் தோட்டாவின் படிவில் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகியவற்றைத் தேடுவது வழக்கம். நாட்டுத் துப்பாக்கியில் வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த மருந்தும், தீக்குச்சி மருந்தோ விளையாட்டுக் கேப்போ இருக்கலாம். துப்பாக்கியின் வகையைக் குறிப்பிட்டு எழுதினால் நிபுணர் அதற்கேற்பத் தேடுவார். சுட்டதாகச் சொல்லப்படும் தூரத்தையும் எழுதி, பொருந்துகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கைமாறும் கணக்கு

பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எந்த முத்திரையோடு போனது என்ற கணக்கில் ஒரு நாள் விடுபட்டாலும் அங்கே சந்தேகம் நுழையும். இலங்கையின் மூதூரில் 2006 ஆகஸ்ட் 4 அன்று, பசிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சு அமைப்பின் ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடலில் எடுத்த தோட்டாக்களில் ஒன்று 5.56 மி.மீ. வகை என்று ஆஸ்திரேலிய நிபுணர் மால்கம் டாட் முதலில் குறித்தார். எல்லாமே 7.62 என்றது இலங்கை அரசின் ஆய்வு. பிறகு டாடும் தன் முதல் கருத்தை மாற்றிக்கொண்டார். மாறியது கருத்தா, பொருளா என்று சர்வதேச நீதிபதிகள் ஆணையம் கேள்வி எழுப்பியது. மேசையில் எடுத்த நொடியிலேயே அளவு, எடை, படம், இரு தரப்புக் கையொப்பம் என்ற நான்கும் ஒன்றாகி, முத்திரை உடைந்த ஒவ்வொரு முறையும் பதிவாகிவிட்டால் இப்படி ஒரு கேள்விக்கு இடமே இராது.

செல்போனில் எடுத்த படமும் இப்படியே. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மூலம் ஆகாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், ஹாஷ் எண்ணோடு, அப்போதே தயாராகட்டும்.

சுட்டது அரசின் துப்பாக்கி என்றால்

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்து தாக்கினார்கள் என்றது போலீஸ். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத் தொழிலாளர்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன குடும்பங்களால் ஆறு உடல்கள் எரிக்கப்படாமல் காக்கப்பட்டு, திருவண்ணாமலையில் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. எரித்துவிட்ட உடல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. சந்தேகம் இருந்தால் தகனத்தைத் தள்ளிப்போட்டு, அன்றே நீதிமன்றத்தை அணுகுங்கள் என்பதுதான் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2014 செப்டம்பர் 23 அன்று, பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இத்தகைய சாவுகளுக்கு உண்டு: முதல் தகவல் அறிக்கை, சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிப்பது, இரண்டு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனை, அதன் வீடியோ, நடுவர் விசாரணை, சுட்டவர்களின் ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைப்பது. மனு எழுதும்போது இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

படம் எடுக்கும் உரிமையைக் குறைத்து மதிக்காதீர்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கையெறிகுண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த உடல்களின் படங்கள் துப்பாக்கிக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் தேதி அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால், முதல் நாள் சொன்ன கதையே வரலாறாக நின்றிருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள

- கைகள் காகித உறையில். துணி நிழலில் உலர்ந்து தனித்தனியாக.
- அடைப்பு தேடப்பட்டதா? கிடைக்கவில்லை என்றால் தேடிய பரப்பும் நேரமும் மகஜரில் உண்டா?
- இலைத் துளை, காயம் இரண்டின் உயரமும் அளந்தாயிற்றா?
- எக்ஸ்ரே, ரவை எண்ணிக்கை, எடை.
- துப்பாக்கி, மருந்து, ரவை தனித்தனிப் பொட்டலமா?
- ஆய்வகக் கடிதத்தில் துப்பாக்கி வகையும் தூரக் கேள்வியும் உண்டா?
- ஆட்சியர் அனுமதிக் கோப்பு, 63ஆம் பிரிவுச் சான்றிதழ்.
- முதல் தகவல் அறிக்கை நகல் குடும்பத்துக்கு இலவசமாகத் தரப்பட்டதா?

கிராமத்தில் சாட்சிகள் மாறுவார்கள். சொந்தம், பயம், சமாதானம் என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று ஆண்டு கழித்து நீதிபதி கையில் எஞ்சுவது அன்று காலை காட்டில் உட்கார்ந்து நீங்கள் எழுதிய தாளும், நீங்கள் முத்திரை வைத்த உறைகளும்தான். எழுதி முடித்ததும் இடத்தை விட்டுக் கிளம்பாமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒருவர் அதை வைத்துப் படம் வரைய முடியாது என்று தோன்றினால், திரும்பவும் உட்கார்ந்து எழுதுங்கள்.